அவளாக விட்டுவிடவில்லை

கதிர்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். மூன்று வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை டிவியில் பார்த்தேன். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, சட்டை எடுப்பாக இருந்தது, கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னாய். தேசிய விளையாட்டு விருதுக்கு ஆட்களைத் தேர்வு செய்யும் குழுவில் இந்த வருடம் நீயும் உட்காரப்போகிறாய் என்று நிகழ்ச்சி நடத்திய பெண் உன்னை அறிமுகம் செய்தபோது, என்னோடு பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அடுத்த கேள்வி வரும்வரை.

"தேசிய விருதுகள்ல பெண்களுக்கு நியாயமான இடம் கிடைக்குதுன்னு நினைக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நீ சிரித்தாய். "திறமை இருந்தா யாரும் தடுக்க முடியாது மேடம். ஆம்பள, பொம்பளன்னு அங்க யாரும் பாக்கறதில்ல. எங்க அக்காகூட இந்தியாவுக்கு ஆடினவங்கதான். கல்யாணம், குழந்தைன்னு ஆனதும் அவங்களே விட்டுட்டாங்க. பாதியில விட்டுட்டா கமிட்டி என்ன பண்ணும், சொல்லுங்க?" என்றாய். அந்தப் பெண் தலையாட்டினாள். கோமதியும் தலையாட்டினாள். நான் எழுந்துபோய் டிவியை அணைத்தேன். "ஏன் டீச்சர், இன்னும் முடியலயே?" என்று கோமதி கேட்டதற்குக் கண் எரிகிறது என்றேன். அவள் போன பிறகும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவங்களே விட்டுட்டாங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ சொன்னது நம் வீட்டுக் கூடத்தில் இல்லை. ஊர் கேட்கச் சொன்னாய். அதனால் ஊர் படிக்கும்படியாகவே பதில் எழுதி, நான் வாரா வாரம் வாங்கும் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவர்கள் போடுவார்களோ மாட்டார்களோ தெரியாது, நகல் ஒன்று இன்றே உனக்கும் தபாலில் வருகிறது. போட்டால் உனக்குக் கோபம் வரும், எனக்கும் இந்த ஊரில் தலை குனியும். இரண்டும் நியாயம்தான்.

உனக்குக் கபடி சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் விளையாட்டு விடுதிப் பயிற்சியாளரின் பெயரைச் சொல்கிறாய். அவர் நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் நீ அந்த விடுதிக்குப் போனபோது உனக்குப் பதின்மூன்று வயது. அதற்கு நான்கு வருடம் முன்பிருந்தே, மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முந்தைய கோடை மாதங்களில், ஆற்று மணலில் குச்சியால் கோடு கிழித்து உன்னைத் தினமும் ஓடவிட்டவள் தேன்மொழி. அவள் உன்னைவிட மூன்று வயது மூத்தவள். தெருப் பையன்கள் பத்துப் பேருக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பெண். நான் பள்ளிக்கூடம் விட்டுப் பாலத்தின் மேல் நடந்து வரும்போது அவள் குரல் கீழேயிருந்து கேட்கும். "மூச்சு முட்டினாலும் வாய நிறுத்தாதடா! கையப் பாக்காத, அவன் காலப் பாரு! எந்தக் கால்ல பாரம் வச்சிருக்கானோ அந்தக் கால்லேருந்துதான் பாய்வான்!" அவள் உனக்காகவே வேண்டுமென்று பிடிபடுவாள். நீ அவள் கணுக்காலைக் கட்டிக்கொண்டு மணலில் இழுபட்டு, "அக்கா அவுட்டு, அக்கா அவுட்டு" என்று கத்துவாய். பிற்காலத்தில் டிவியில் உன் கணுக்கால் பிடியை மறுபடி மறுபடி மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்களே, அது அந்த மணலில் வந்தது.

என் பிழைகளையும் சொல்ல வேண்டும். அவற்றை விட்டுவிட்டு உன் பிழையை மட்டும் எழுதினால் இது கடிதம் ஆகாது. நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் விளையாட்டு பீரியடை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். "பொண்ணுங்க வெயில்ல சும்மாதானே நிக்குதுங்க, நான் ரெண்டு கணக்காவது போட்டுடறேன்" என்று பி.டி. டீச்சரிடம் சொல்லுவேன். என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் மகளே. முதல் முறை மாவட்டப் போட்டிக்குப் போனபோது, அரைக்கால் சட்டையோடு போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து உள்ளே ஒரு முழுப் பேன்ட்டை மாட்டி அனுப்பினேன். கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தப் பேன்ட் காலில் சுற்றி விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டாள். ஏழு தையல். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் மட்டும், "ஒரு பாயின்ட்ல போச்சுப்பா" என்றாள். அடுத்த முறை அவர்தான் என்னை மீறி அவளுக்கு அரைக்கால் சட்டை வாங்கிக்கொடுத்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் எனக்கு மேல் இருந்தார்.

நம் வீட்டுக்கு வந்த முதல் சர்வதேசத் தங்கம் யாருடையது? ஊரில் கேட்டுப் பார், உன்னுடையது என்பார்கள். அவளுடையது. அவள் இந்தியாவுக்கு ஆடி ஜெயித்துத் திரும்பிய நாளில் தஞ்சாவூரில் ரயில் இறங்கி, டவுன் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தாள். உன் அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நடவு எல்லாம் முடிந்து வயல்கள் பச்சை கட்டியிருந்த நேரம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டே வந்து இறங்கினாள். நான் சோறு போட்டேன். அவ்வளவுதான் வரவேற்பு. ஐந்து வருடம் கழித்து நீ ஜெயித்து வந்தபோது திறந்த ஜீப், மேளம், பட்டாசு, கடைவீதி முழுக்க உன் படம். அந்த ஜீப்பின் பின்னால் நடந்து வந்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். கையில் குழந்தை. "என் தம்பி, என் தம்பி" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை யார் என்று ஒருவர் கேட்டார். "கதிரோட அக்கா" என்று நான்தான் சொன்னேன். இந்திய அணியில் ஆடியவள் என்று சொல்ல என் வாயில் வரவில்லை, கதிர். யோசித்துச் சொல்லாமல் விட்டதுகூட இல்லை. தோன்றவே இல்லை.

அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கூடத்தில் மாட்டியிருந்த அவள் ஆட்டப் படத்தை நான் கழற்றிப் பீரோவில் வைத்தேன். அரைக்கால் சட்டையோடு நிற்கிறாளே என்று. மாப்பிள்ளை சரவணன் காபியைக் குடித்துவிட்டு, "அந்த மெடல் எங்க வச்சிருக்கீங்க? பாக்கணும்னுதான் வந்தேன்" என்றார். வேதாரண்யத்தில் பள்ளிக்கூட வாத்தியார், அவள் ஆட்டத்தை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தவராம். உன் அப்பா எழுந்துபோய் எடுத்துவந்து காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கல்யாணம் அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை என்பதை உனக்கு நினைவுபடுத்தத்தான் இதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் ஆடினாள். குழந்தை பிறந்த பிறகும் ஆடினாள். பதினோரு மாதக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு முகாமுக்குப் போனாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்க, குளியலறையில் நின்று பீய்ச்சிவிட்டு மறுபடி வந்து வரிசையில் நின்றாள். அந்த வருடம் அவள்தான் அணித் தலைவி. இரண்டாவது தங்கம். திரும்பி வந்ததும் ஒரு நிருபர் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைய விட்டுட்டுப் போறது கஷ்டமா இல்லையா?" உன் மகன் பிறந்து பதினேழாம் நாள் நீ முகாமுக்குக் கிளம்பினாய். உன்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி அந்த நாள். நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். உன் அப்பா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நீயும் உன் அக்காவும் ஒரே வருடத்தில் விருதுக்கு விண்ணப்பம் போட்டீர்கள். அவளுக்கு இரண்டு தங்கம், அணித் தலைமை. உனக்கு ஒரு தங்கம், அதோடு டிவியில் வரும் போட்டிகள் கொடுத்த பெயர். நீ தகுதி இல்லாதவன் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். நீ நன்றாக ஆடினாய். அவள் உன்னைவிட நன்றாக ஆடினாள். விண்ணப்பத்தோடு கபடிச் சங்கத்தின் பரிந்துரைக் கடிதம் வைக்க வேண்டும் என்றார்கள். அவள் வேதாரண்யத்திலிருந்து அலைய முடியாது என்று இருவருடைய காகிதங்களையும் நானே எடுத்துக்கொண்டு, உன் காரில் தஞ்சாவூருக்கு வந்தேன். ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் சங்கச் செயலாளரின் அறை. அவர் இன்று உயிரோடு இல்லை. பெயர் வேண்டாம்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். "உக்காருங்க டீச்சர்" என்று நாற்காலி போட்டார். இரண்டு கட்டையும் புரட்டிப் பார்த்தார். "பொண்ணோட சர்ட்டிபிகேட்ல அப்பா இனிஷியல் இருக்கு, ஆதார்ல புருஷன் பேரு இருக்கு. ஆனா அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ஒரு வரி எழுதிக் குடுத்துடலாம். விஷயம் என்னன்னா, ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு நான் லெட்டர் குடுத்தா மேல கேள்வி வரும். நாங்க அனுப்புறதே ஒண்ணோ ரெண்டோ. பையனுக்கு இப்பதான் பேர் வந்துருக்கு. பொண்ணு எப்படியும் இன்னும் ஒரு வருஷம் ஆடுமா? நான் எதுவும் சொல்லல. நீங்க பெத்தவங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது, கதிர். அவர் டீ சொல்லி அனுப்பினார், டீ வந்தது, பாதி குடித்தேன். ஒரு நிமிடத்தில் வாய் தவறிச் சொன்னது இல்லை. அப்பா இல்லாத வீடு, இனி நான் உன்னோடுதானே இருக்க வேண்டும், உன் முட்டியில் அடிபட்டிருக்கிறது, விருது இருந்தால் வேலையில் பதவி உயர்வு வரும், அவளுக்கு ஒரு வாத்தியார் புருஷன் இருக்கிறார் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அவ கட்டிக்குடுத்த பொண்ணு சார். பையனுக்கே பாருங்க" என்றேன். வகுப்பில் இருந்த அத்தனை பெண்களுக்கும் படிங்கடி, சொந்தக் காலில் நில்லுங்கடி என்று சொல்லி ஓய்வு பெற்றவள் நான். நீ என் பின்னால் கதவருகே நின்றிருந்தாய். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் உன் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், நீ குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

திரும்பி வரும்போது பூதலூரைத் தாண்டினோம். அதன் பிறகு நீ, "அம்மா, இத அக்காகிட்ட சொல்ல வேணாம்" என்றாய். "பின்ன என்னடா சொல்றது?" என்று கேட்டேன். "பேரு ஒத்துவரலன்னு திருப்பிட்டாங்கன்னு சொல்லிடு. அது உண்மைதானே" என்றாய். அன்று மாலையே அவளுக்கு நான் போன் செய்து அதையே சொன்னேன். அவள், "பரவால்லம்மா, தம்பியோடதாவது போச்சே. நான் பேர சரிபண்ணிட்டு அடுத்த வருஷம் போட்டுக்கறேன்" என்றாள்.

நான் செய்ததில் எதை மன்னித்தாலும் அதற்குப் பிறகு நடந்ததை மன்னிக்க முடியாது. அவள் அதை நம்பினாள். பெயரைச் சரிசெய்யக் கிளம்பினாள். நோட்டரி, உறுதிமொழிப் பத்திரம், தாலுகா ஆபீஸ், அரசிதழில் பெயர் மாற்றம் என்று இரண்டு வருடம் அலைந்தாள். இடுப்பில் குழந்தையோடு திருத்துறைப்பூண்டிக்கும் நாகப்பட்டினத்துக்கும் பஸ் மாறி மாறிப் போனாள். சென்னைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் செய்து, இன்று எந்த ஆபீசர் என்ன கேட்டார், எந்தக் காகிதம் குறைந்தது என்று சொல்வாள். நான் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பெயர் ஒரு தடையே இல்லை, ஒரு வரியில் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. கடைசியில் பெயர் அரசிதழில் வந்தது. விண்ணப்பம் போட்டாள். கடைசிச் சில வருட ஆட்டம்தான் பார்ப்போம், உங்கள் முதல் தங்கம் அந்த எல்லைக்குள் வராது என்று பதில் வந்தது. அதற்குள் அவளை முகாமுக்கு அழைப்பதும் நின்றுவிட்டது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்த இரண்டு வருடம் பயிற்சி எங்கே செய்திருக்க முடியும்? இதைத்தான் நீ, அவங்களே விட்டுட்டாங்க என்கிறாய்.

நீ விருது வாங்க டெல்லிக்குப் புறப்பட்டதற்கு முந்தைய நாள் அவள் திருக்காட்டுப்பள்ளிக்கு, நம் வீட்டுக்கு வந்திருந்தாள். உன் கோட்டை அவள்தான் அயர்ன் செய்தாள். கடையில் கொடுத்தால் பளபளப்பு ஏறிவிடும் என்று ஈரத்துணி போட்டு, மடிப்பு மடிப்பாகச் செய்தாள். "அடுத்த வருஷம் நான் போறப்போ நீதான்டா எனக்கு அயர்ன் பண்ணணும்" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு உனக்கு எப்படி வந்தது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். அதே நேரத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ தேர்வுக் குழுவில் இருக்கிறாய் என்ற செய்தி வந்ததும் தேன்மொழி எனக்குப் போன் செய்தாள். அவள் வேதாரண்யத்தில் பள்ளிப் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பது உனக்குத் தெரியும். ஒப்பந்த வேலை. மைதானம் என்று ஒன்று இல்லை, உப்பளத்தை ஒட்டிய ஒரு வெறுந்தரை. அங்கிருந்து பிரியா என்று ஒரு பெண் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். இந்த வருடம் அந்தப் பெண் விருதுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "அம்மா, தம்பிகிட்ட சிபாரிசு கேக்கலம்மா. அந்தப் பொண்ணோட ஃபைல அவன் ஒரு தடவ படிக்கணும், அவ்வளவுதான். படிச்சா போதும், அவனுக்கு ஆட்டம் தெரியும்" என்றாள் தேன்மொழி. நான் உன்னிடம் சொன்னேன். நீ என்ன பதில் சொன்னாய்? "அம்மா, அதெல்லாம் மேல ஏற்கெனவே பேசியாச்சு. இந்த வருஷம் கபடிக்கு ஒரு ஆள்தான், பையன்தான். அந்தப் பொண்ணுக்கு வயசு இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். யாருடைய குரலில் பேசினாய் தெரியுமா? அந்த மாடி அறைக் குரல். அன்றைக்கே உன்னிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். அப்போதும் உம் கொட்டிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கடுத்த வாரம்தான் டிவியில் அந்தப் பேட்டி.

பேட்டிக்கு மறுநாள் நான் காலை பத்து மணிக்கு மேல் பஸ் ஏறி வேதாரண்யம் போனேன். இறங்கும்போது பள்ளிக்கூடம் விடும் நேரம். வீட்டில் அவள் இல்லை. உப்பளத்துப் பக்கம் போனேன். ஒரு பழைய மாவு டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை வைத்துக்கொண்டு தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, சொல்லாம கொள்ளாம? உடம்பு சரியில்லையா?" என்று ஓடிவந்தாள். பேட்டி பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்தேன். விடும்மா, டிவிக்காக ஏதோ சொல்லிட்டான்" என்றாள். உனக்காகத்தான் பேசினாள், அப்போதும்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு பெண் வந்து, "மிஸ், ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டதற்கு, "ரெண்டு ரவுண்டு ஓடுங்கடி" என்றாள். பிறகு என்னிடம், "அந்த வார்த்தைய அப்படியே சொல்லும்மா" என்றாள். "எந்த வார்த்தடி?" "நீ அவர்கிட்ட சொன்னத." அவ கட்டிக்குடுத்த பொண்ணு சார், பையனுக்கே பாருங்க. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நான் சொன்ன எதுவும் எனக்கு அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

"தம்பி கேட்டானா?" என்றாள்.

"கதவுகிட்டதான் நின்னான்."

விருதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஓடுகிற பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "ரெண்டு வருஷம் அந்தப் பேருக்காக அலைஞ்சேனேம்மா. ஒவ்வொரு நாளும் உனக்குப் போன் பண்ணேனே. பாப்பாவுக்கு ஜொரம், அவளத் தோள்ல போட்டுக்கிட்டு சென்னையில ஒரு படியில உக்காந்து உன்கிட்ட அழுதேனே. அன்னிக்காவது சொல்லியிருக்கலாமேம்மா. போகாதடி, வீட்டுக்கு வான்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். மன்னித்துவிடு என்றேன். அவள் அழவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டுபோய், மீதிக் கோட்டைப் போட்டு முடித்தாள். பயிற்சியை முழுதாக நடத்தினாள். பிரியாவின் ரெய்டு தப்பாகப் போனபோது கூப்பிட்டுத் திருத்தினாள். முடிந்ததும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்தாள். வீட்டுக்கு அழைக்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்காரவைத்து, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீ போன் பண்ணாதம்மா. எனக்குத் தோணுறப்ப நானே பண்றேன்" என்றாள்.

அவளுக்கு இன்னும் தோன்றவில்லை. மூன்று வாரமாகிறது. பேத்தியின் பிறந்தநாள் வந்து போனது. மாப்பிள்ளை ஒரு படம் அனுப்பினார், அதில் எல்லோரும் இருக்கிறார்கள். அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "கொஞ்சம் நேரம் குடுங்க அத்தை." எவ்வளவு நேரம் கொடுத்தாலும் சரியாகுமா என்று தெரியவில்லை. சரியாக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. எனக்குப் பெரிய ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை, கதிர். சொன்னதும் பாரம் இறங்கியது என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. இவ்வளவு நாள் என் ஒருத்தி மேல் இருந்ததைத் தூக்கி அவள் மேலும் வைத்துவிட்டு வந்ததுபோல்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் நீ டெல்லியில் அந்த மேஜை முன் உட்காருவாய். உன் விருதைத் திருப்பிக் கொடு என்று நான் சொல்லவில்லை. அதைத் திருப்பினால் அது அவளிடம் வந்து சேராது. வேண்டுமானால் உனக்குக் கைதட்டல் கிடைக்கும். அந்த அறையில் யாராவது ஒருவர், பெண்ணுக்கு வயது இருக்கிறது என்பார். அடுத்த வருடம் பார்ப்போம் என்பார். கல்யாணம் ஆகப்போகிறதாமே என்பார். மரியாதையாகத்தான் சொல்வார்கள், டீ வரவழைத்துவிட்டுச் சொல்வார்கள். அங்கே இருப்பவர்களில் அந்த வார்த்தையின் விலை என்ன என்று கண்ணால் பார்த்தவன் நீ ஒருவன்தான். அப்போது கதவருகே நின்றாய். இப்போது நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பெண்ணின் காகிதங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சத்தமாகப் படி. அதற்கு மேலும் பையன்தான் என்று உன் மனசாட்சிக்குப் பட்டால் பையனுக்கே கொடு. படிக்காமல் கொடுக்காதே.

ஆனால் டெல்லி அப்புறம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்ததும் என்னைக் கூப்பிட்டுக் கத்தத் தோன்றும். கத்து, கேட்டுக்கொள்கிறேன். பிறகு உன் அக்காவுக்குப் போன் செய்யத் தோன்றும். செய்யாதே. அவள் எடுத்தாலும் உனக்குச் சுலபமாகிவிடும், எடுக்காவிட்டாலும் சுலபமாகிவிடும். காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போ. தஞ்சாவூரில் ஏறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை அந்த வழியில் போய்வந்தாளோ, ஒரு தடவையாவது அப்படிப் போ. மாலை நான்கரைக்கு அவள் மைதானத்தில் இருப்பாள். பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசாதே. அவர்கள் முன்னால் நின்று, எங்கள் அக்கா விளையாட்டை விடவில்லை, நானும் அம்மாவும் சேர்ந்து விடவைத்தோம் என்று சொல். அவள் உன்னைத் திரும்பிப் பார்க்காமல் பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தால், அது முடியும்வரை வெயிலில் நின்றுகொண்டிரு.

அம்மா